வைப்பர் ஏன் நிற்கிறது?

கண்டியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்று கணக்குக் கூறும்பொழுது, அம்மழை எந்த வேளையில், எத்துணை உக்கிரத்துடன் பெய்கிறது என்பதை அந்த எண் நமக்குத் தெரிவிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அங்கே வருவது பெரும்பாலும் பொறுமையாகத் தூறிக்கொண்டிருக்கும் மழை. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வருவதோ முற்றிலும் வேறு சுபாவமுடையது. காலையில் தெளிந்த வானமும் நண்பகலில் பொறுக்கவொண்ணாத புழுக்கமுமாக இருந்த நாளொன்றில், பிற்பகல் மூன்று நான்கு மணியளவில் இடிமுழக்கத்துடன் இறங்கும் அம்மழை, அரை மணி நேரத்துக்குள் பேராதனை வீதியையும் கட்டுகஸ்தோட்டை வீதியையும் ஓடைகளாக்கிவிடும். அத்தகைய பிற்பகலில், கொழும்பிலிருந்து வரும் பழைய கார் ஒன்று மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறத் தொடங்கும் சமயம் பார்த்து, அதன் வைப்பர் தயங்கித் தயங்கிக் கண்ணாடியின் நடுவே நின்றுவிடுமாயின், காரோட்டியும் பக்கத்தில் இருப்பவரும் பின்னர் கராஜில் கேட்பவரும் ஒருமுகமாகக் கூறும் தீர்ப்பு ஒன்றே: மோட்டார் போய்விட்டது. இத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதையும், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னர் விசாரிக்கப்படவேண்டிய சந்தேக நபர்கள் வேறு பலர் உளர் என்பதையும், அவர்களை விசாரிப்பதற்குப் பௌதிக சாஸ்திரத்தின் சில எளிய விதிகளே போதும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கையில் பழைய கார்கள் நீடித்த ஆயுளுடன் வாழ்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே அக்கட்டுத் தளர்ந்தது. மறுபடியும் 2020 மார்ச் மாதம் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தனியார் கார்கள் நாட்டுக்குள் வரவில்லை. ஆகவே 1948இல் பிறந்து 1971 வரை உற்பத்தியில் இருந்த மொரிஸ் மைனரும், அதன் காலத்து ஒஸ்டினும் போர்ட் அங்லியாவும், பின்னர் வந்த டட்சன் சனியும் டொயோட்டா கொரொல்லாவும், பிற தேசங்களில் பொருட்காட்சிச்சாலைக்குப் போய்விட்ட பின்னரும், இங்கே பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியும் சந்தைக்குப் போய் வந்தும் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றன. அவை ஏறி இறங்கும் பாதையோ, 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1829இல் காலமான கப்டன் டோசன் என்பவரின் மேற்பார்வையில், குதிரை வண்டிகளை மனத்திற்கொண்டு மலையைச் சுற்றிச் சுற்றி அமைக்கப்பட்ட பாதை. வளைவுதோறும் எதிரே பஸ்ஸோ லொறியோ தோன்றக்கூடிய அத்தகைய வீதியில், முன்கண்ணாடி தெளிவாக இருப்பது உயிரைப் பற்றிய விஷயமாகும்.

முதலில் வைப்பர் செய்யவேண்டிய வேலையின் அளவைக் கணித்துக்கொள்வோம். மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதம் கொட்டும் மழையில், துளிகள் வினாடிக்கு எட்டு மீற்றர் வேகத்தில் விழுவதாகக் கொண்டால், ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிராம் நீர் தொங்கிக்கொண்டிருக்கும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது வினாடிக்குப் பத்து மீற்றர், செல்லும் காரொன்றின் முன்கண்ணாடி, மழைக்கு நேரே 0.3 சதுர மீற்றர் பரப்பைக் காட்டுமாயின், முன்னோக்கிய ஓட்டத்தில் மாத்திரமே வினாடிக்கு ஐந்து கிராம் நீரை அது வாரிக்கொள்கிறது; மேலிருந்து நேராக விழுவதையும் சேர்த்தால் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு லீற்றருக்கு மேல். இந்நீரை நிமிடத்துக்கு 45 தடவை அளவில் போய் வந்து ஒதுக்குவதோடு வைப்பரின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒதுக்கிய பின் எஞ்சும் நீர்ப்படலம் ஒளியைச் சிதறடிக்காதபடி மிக மெல்லியதாகவும் ஒரே சீரானதாகவும் இருக்கவேண்டும். நீரின் பாரத்தைத் தள்ளுவது சிறிய வேலை. இறப்பரைக் கண்ணாடிமேல் அழுத்தி இழுப்பதில் உண்டாகும் உராய்வை வெல்வதே பெரிய வேலை. வைப்பரின் நோய்களுள் பெரும்பாலானவை இந்த உராய்வின் கணக்கிலேயே தொடங்குகின்றன.

மோட்டாரின்மீது பழி சுமத்துவது எவ்வளவு அபத்தமாகக்கூடும் என்பதற்கு முதற் சாட்சி, மோட்டாரே இல்லாத வைப்பர்தான். 1953 முதல் 1959 வரை வந்த பழைய மாதிரி போர்ட் அங்லியாவிலும் அதன் உடன்பிறப்பான பிரிபெக்டிலும் வைப்பரை இயக்கியது மின்சாரமன்று. என்ஜினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெறுமை. பிஸ்டன்கள் காற்றை உள்ளிழுக்கும்பொழுது, த்ரொட்டில் வால்வு மூடியிருந்தால், குழாயினுள் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தைவிட மிகக் குறைந்துவிடும். அக்குழாயிலிருந்து ஒரு மெல்லிய இறப்பர்க் குழாய் வைப்பரின் அறைக்குச் செல்கிறது. அவ்வறையில் உள்ள துடுப்பின் ஒரு பக்கம் வெறுமையும் மறுபக்கம் வாயுமண்டலத்தின் அமுக்கமும் நிற்க, வாயுமண்டலமே துடுப்பைத் தள்ளி வைப்பரை ஆட்டுகிறது. ஆனால் ஏற்றத்தில் என்ன நேர்கிறது? சாரதி அக்சிலேற்றரை முழுதும் மிதிக்கிறார், வால்வு அகலத் திறக்கிறது, காற்று தடையின்றி உட்புகுந்து, வெறுமை ஏறத்தாழ மறைந்துபோகிறது, வைப்பர் நிற்கிறது. எந்தக் கணத்தில் பார்வை மிகவும் தேவைப்படுகிறதோ அந்தக் கணத்தில் கைவிட்டு, மிதியைச் சற்றுத் தளர்த்தியவுடன் வேகமாக ஆடத் தொடங்கும் இந்த வைப்பரில் பழுது எதுவுமில்லை. அது தன் இயல்பின்படியே நடந்துகொள்கிறது. உயரமும் அதற்குப் பகை. கடல்மட்டத்தில் 30 அங்குலப் பாதரச அளவுள்ள வாயுமண்டல அமுக்கம், கண்டியில் ஏறக்குறைய 28 அங்குலமாகவும் நுவரெலியாவில் 24 அங்குலமாகவும் குறைந்துவிடுகிறபடியால், கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியே மேலே செல்லச் செல்லத் துடுப்பைத் தள்ளும் பலமும் குறைந்துகொண்டே போகும். சமதரையில் என்ஜின் மெதுவாக ஓடும்போதும் இத்தகைய வைப்பர் ஆடாவிட்டால்தான் பழுதைத் தேடவேண்டும். அப்பொழுது குழாயைக் கழற்றி அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தாலே போதும். விரல் உறுதியாக இழுபட்டால் குழாய் நல்லது, குறை துடுப்பறையில்; இழுப்பு மந்தமாக இருந்தால் வெடித்த இறப்பர்க் குழாய்தான் குற்றவாளி.

இனி மின்சார வைப்பருக்கு வருவோம். பற்றரியிலிருந்து புறப்படும் சக்தி, பியூஸ், சுவிச்சு, வயர் ஆகியவற்றின் வழியே மோட்டாரை அடைந்து, அங்கு சுழற்சியாக மாறி, பற்சக்கரங்களினாலும் இணைப்புகளினாலும் ஆட்டமாக மாற்றப்பட்டு, தண்டு, கை, தகடு, இறப்பர் விளிம்பு என்ற வரிசையில் கண்ணாடியை வந்தடைகிறது. வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்றால் இந்தப் பாதையில் எங்கோ சக்தி வீணாகிறது என்பது பொருள்; எங்கே என்பதைக் கண்டுபிடிப்பதே பழுது பார்க்கும் கலை. கராஜ்களில் வழக்கமாகப் பாதையின் நடுவில் உள்ள மோட்டாரிலிருந்து தொடங்குகிறார்கள். கடைசி முனையாகிய கண்ணாடியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவதே உத்தமமான முறை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அந்த முனையில் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு, பழுதுகளோ மிக அதிகம்.

சுத்தமான கண்ணாடி நீரை விரும்பும் பொருள். அதன்மேல் விழுந்த துளி பரந்து படலமாகிவிடும். எண்ணெய்ப் பசை படிந்த கண்ணாடியிலோ நீர் திரண்டு முத்து முத்தாக நிற்கும். டீசல் பஸ்களுக்குப் பின்னால் ஏற்றம் ஏறும் காரின் கண்ணாடியில் படியும் புகைக்கரி, வீதியிலிருந்து எழும் எண்ணெய் கலந்த சேற்றுநீர், காரை மினுக்கப் பூசும் மெழுகு ஆகிய மூன்றும் இப்பசையை நாளுக்கு நாள் வளர்க்கின்றன. அப்பொழுது வைப்பர் துளிகளைச் சிறு துளிகளாக நசுக்குவதன்றித் துடைப்பதில்லை. இரவில் எதிரே வரும் விளக்கொளி அவ்வளவு துளிகளிலும் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். மழையில் வைப்பர் நின்றுபோனால் கண்ணாடியின்மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டுப் பயணத்தைத் தொடரும் பழைய சாரதிகளின் உபாயம், இந்த விதியின் மறுபக்கமே: சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்க, துளிகள் உடைந்து படலமாகின்றன, படலத்தினூடே பார்வை ஓரளவு நேராகச் செல்கிறது. ஆகையால் முதற் பரிசோதனை, கண்ணாடியைச் சோப்புத் தூள் கரைசலாலும் பின்னர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டாலும் நன்கு துடைத்து, அதன்மேல் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்ப்பதாகும். நீர் உடையாத விரிப்பாக வழிந்தால் கண்ணாடி குற்றமற்றது. திட்டுத் திட்டாக விலகினால், புதிய இறப்பர் வாங்கிப் பூட்டினாலும் பயனில்லை.

அடுத்தவர் இறப்பர். கண்டிக்கும் இப்பொருளுக்கும் உள்ள சம்பந்தம் சரித்திரப் பிரசித்தமானது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அக்கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டபோது, அவற்றைப் பொறுப்பேற்றது பேராதனைத் தாவரவியற் பூங்காவே. பேராதனையின் குளிர்ந்த காற்றைவிடத் தாழ்நிலத்து உஷ்ணம் அவற்றுக்கு ஏற்றதென்று கருதி, கம்பஹாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடைத் தோட்டம் அதற்கெனவே அமைக்கப்பட்டது. அம்மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இறப்பர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கப்பட்ட பின்னரே பயன்படும் உறுதியைப் பெறுகிறது. சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்ட இம்முறைக்குப் பிறகும், அதன் நீண்ட மூலக்கூறுகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் எஞ்சி நிற்கின்றன. காற்றில் நுண்ணிய அளவில் உள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடித் தாக்குகிறது. இழுபட்டோ வளைந்தோ இருக்கும் இடத்தில் அத்தாக்குதல் மேலும் தீவிரமாகி, இறப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் காரின் வைப்பர் விளிம்பு, ஒரே பக்கமாக வளைந்த நிலையில் கண்ணாடியோடு அழுத்தப்பட்டுக் கிடப்பதால், வெடிப்பதோடு அந்த வளைவையே தன் நிரந்தர வடிவமாகவும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

இந்த வடிவக்கேடு ஏன் பெரிய குற்றம் என்பதைக் கவனிக்கவேண்டும். வைப்பரின் இறப்பரைத் தகட்டிலிருந்து கழற்றி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், தடித்த தலைப்பகுதிக்கும் கூரிய விளிம்புக்கும் இடையே மெல்லிய கழுத்துப் போன்ற ஒரு பகுதி தென்படும். வைப்பர் இடப்புறம் செல்லும்போது விளிம்பு வலப்புறம் சாய்ந்து பின்னே இழுபட வேண்டும். திரும்பும் கணத்தில் அக்கழுத்து மடிந்து, விளிம்பு மறுபுறம் புரண்டுவிட வேண்டும். இவ்வாறு புரண்டு பின்னே இழுபடும் விளிம்பே நீரைச் சீராக வழிக்கும். கழுத்து இறுகிவிட்டாலும், வைப்பரின் கை சற்று முறுக்கிக்கொண்டு தகடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நில்லாவிட்டாலும், ஒரு திசையில் விளிம்பு பின்னே இழுபடுவதற்குப் பதிலாக முன்னே தள்ளப்படுகிறது. அப்பொழுது அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், இழுவை மிகுந்தவுடன் விடுபட்டுத் துள்ளும், மறுபடியும் ஒட்டும். வயலின் வில் நரம்பை ஒட்டி ஒட்டி விடுவித்து நாதத்தை எழுப்புவதும் இதே நியதியினால்தான். வித்தியாசம், இங்கே எழுவது நாதமன்று, தடதடவென்ற நடுக்கம். ஒரு திசையில் சுத்தமாகவும் மறு திசையில் நடுக்கத்துடனும் துடைக்கும் வைப்பருக்கு மருந்து, கண்ணாடியின் நடுப்பாகத்தில் அதை நிறுத்தி, தகடு செங்குத்தாக நிற்கும்வரை கையை இரண்டு குறடுகளால் மெல்ல முறுக்கிச் சரிசெய்வது; அதனாலும் தீராவிட்டால் இறப்பரை மாற்றுவது.

இவ்விடத்தில் அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும் ஒரு விசேஷத்தைக் கூறவேண்டும். கொட்டும் மழையில் ஒழுங்காக ஓடிய வைப்பர், மழை ஓய்ந்து தூறலாகும் தறுவாயில் தயங்கி நின்றுவிடுவதுண்டு. மழை குறைந்தால் வேலையும் குறையுமன்றோ என்று நாம் வியக்கிறோம். உண்மை நேர்மாறானது. நன்கு நனைந்த கண்ணாடியில் இறப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் ஒரு மசகாக நின்று உராய்வைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. அரைகுறையாகக் காய்ந்த கண்ணாடியில் அந்தப் படலம் அறுபட்டு, இறப்பர் பிசின் போலப் பற்றிக்கொள்கிறது. உராய்வு பன்மடங்காக உயர்கிறது. இறப்பரின் மேற்பரப்பைத் தொழிற்சாலையிலேயே குளோரினால் பக்குவப்படுத்திச் சிறிது கடினமாக்குவதும் பென்சிற்கரித் தூள் பூசுவதும் இதற்காகவே. அந்த மேற்படை தேய்ந்த பழைய இறப்பர் இக்கட்டத்தில் மிக மோசமாக நடந்துகொள்ளும். ஆகவே கனமழையில் ஓடித் தூறலில் நிற்கும் வைப்பர் தெரிவிக்கும் செய்தி தெளிவானது: மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, சுமைதான் அதிகம்.

சுமை கண்ணாடியில் உள்ளதா, அதற்கு உள்ளே உள்ள இணைப்புகளில் உள்ளதா என்பதைப் பிரித்தறிவதற்கு, இரு கைகளையும் தண்டுகளிலிருந்து கழற்றிவிட்டுச் சுவிச்சைப் போட்டுப் பார்த்தால் போதும். தண்டுகள் விறுவிறுப்பாக ஆடினால், குறை இறப்பரிலோ கண்ணாடியிலோ கைகளின் ஸ்பிரிங் இறுக்கத்திலோ என்று முடிவு செய்யலாம். கழற்றும்போதே, கையின் தலையிலும் தண்டின் நுனியிலும் உள்ள நுண்ணிய பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் கவனித்துக்கொள்ளவேண்டும்; மோட்டார் ஓடும் ஓசை கேட்டும், தண்டு திரும்பியும், வைப்பர் மாத்திரம் அசையாதிருக்குமானால், அந்தப் பற்கள் வழுக்குகின்றன என்பதே விடை. கைகள் இல்லாமலும் தண்டுகள் மந்தமாகவே ஆடினால், விசாரணை ஒரு படி உள்ளே செல்லவேண்டும்.

மொரிஸ் மைனர், மினி முதலிய பிரித்தானியக் கார்களில் லூகாஸ் கம்பனியின் ஒரு சாதுரியமான அமைப்பு உண்டு. மோட்டாரின் சுழற்சி, ஒரு பற்சக்கரத்திலும் இணைப்புத் தண்டிலும் சென்று முன்பின்னாக அசையும் அசைவாகிறது. அவ்வசைவை, மேலே சுருள் சுற்றப்பட்ட வளையும் கம்பி ஒன்று, உலோகக் குழாயினுள் வழுக்கிச் சென்று ஒவ்வொரு வைப்பருக்கும் கொண்டுசேர்க்கிறது. கம்பியின்மேல் உள்ள சுருளே பற்களாக அமைந்து, வைப்பர்த் தண்டின் அடியிலுள்ள சிறு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. குழாயினுள் இடப்பட்ட கிறீஸ் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காய்ந்து மெழுகாக இறுகிவிடும். தண்டின் கழுத்திலுள்ள இறப்பர் வளையம் வெடித்தால் மழைநீர் உள்ளிறங்கித் தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும். இவற்றின் விளைவை ஊகத்துக்கு விட்டுவிடாமல், அளந்தே தீர்ப்புச் சொல்ல ஒரு வழியை அக்கம்பனியின் கைநூல் விதித்திருந்தது. கம்பியை மோட்டாரிலிருந்து விடுவித்து, அதன் தலையிலுள்ள துவாரத்தில் ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுக்கவேண்டும். கைகள் கழற்றப்பட்ட நிலையில், ஆறு இறாத்தலுக்கு, அதாவது 2.7 கிலோகிராமுக்கு மேற்படாத இழுவையில் கம்பி அசையவேண்டும். சந்தையில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசே இதற்குப் போதுமானது. முள் பத்தையும் பன்னிரண்டையும் காட்டினால், கம்பியை முழுவதும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, குழாயையும் துடைத்து, புதிய கிறீஸ் பூசி ஏற்றவேண்டும். தண்டு இறுகியிருந்தால் அதன் கழுத்தில் சில துளி எண்ணெய் விட்டுக் கையால் திருப்பித் திருப்பி இளக்கவேண்டும். டட்சன், கொரொல்லா போன்ற ஜப்பானியக் கார்களில் கம்பிக்குப் பதிலாக உருக்குச் சட்டங்களும், அவற்றின் மூட்டுகளில் நைலோன் கிண்ணங்களும் உள்ளன. கிண்ணம் தேய்ந்து மூட்டுக் கழன்றால் ஒரு வைப்பர் ஆட, மற்றது நிற்கும். இரண்டும் ஒரே மோட்டாரால் இயங்குவதால், ஒன்று ஆடுவதே மோட்டார் நிரபராதி என்பதற்குப் போதிய அத்தாட்சி.

இயந்திரப் பகுதி குற்றமற்றதென்று கண்ட பின்னரே மின்சாரத்தை விசாரிக்கவேண்டும். அக்காலத்து லூகாஸ் மோட்டார் 12 வோல்ற்றில் சுமையின்றி ஓடும்போது ஏறக்குறைய 3 அம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். சுவிச்சின் முனையிலோ பியூஸின் பிடியிலோ பச்சைக் களிம்பு படிந்து அங்கே ஒரே ஒரு ஓம் தடை உண்டானாலும், ஓமின் விதிப்படி 3 வோல்ற்று அவ்விடத்திலேயே வெப்பமாகக் கழிந்துவிடும். மோட்டாருக்கு எஞ்சுவது ஒன்பதே. இத்தகைய மோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்குவதும் சுழலும் சுருளை ஓட்டுவதும் ஒரே மின்னழுத்தமாகையால், அழுத்தம் முக்காற் பங்காகும்போது தொடக்க முறுக்கு விசை முக்காலில் முக்கால், அதாவது பதினாறில் ஒன்பது பங்காகத் தாழ்ந்துவிடுகிறது. சிறு களிம்பு ஒன்று மோட்டாரின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும் இரகசியம் இதுவே. கண்டறியும் முறையோ மிகவும் எளியது. வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றரியிலும் மற்ற முனையைப் பியூஸ், சுவிச்சு, மோட்டாரின் முனை என்று ஒவ்வோர் இடமாகவும் வைத்துச் செல்ல, எந்த இடத்தில் முள் திடீரென்று எழுகிறதோ அந்த இடத்துக்கு முன்னாலுள்ள இணைப்பே களவாளி. மோட்டாரின் உடலுக்கும் காரின் உடலுக்கும் இடையேயுள்ள இணைப்பை இவ்வாறு சோதிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியும் வழிதான். நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் மந்தமாகவும், வேகமாக ஓட்டும்போது சுறுசுறுப்பாகவும் வைப்பர் இயங்குமானால், பழைய தைனமோ மெதுவோட்டத்தில் மின்சாரம் தருவதில்லை என்பதையும், விளக்குகளும் வைப்பரும் சேர்ந்து பற்றரியையே உறிஞ்சுகின்றன என்பதையும் நினைவிற்கொண்டு, பற்றரியைச் சோதிக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னர், அம்பியர்மானி ஒன்றை மோட்டாரோடு தொடராக இணைத்துப் பார்த்தால், குறை இயந்திரச் சுமையிலா, மோட்டாரினுள்ளா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது ஒருங்கே விடை கூறும். ஓட்டம் மந்தம், மின்னோட்டம் மிகுதி என்றால், எங்கோ இயந்திரச் சுமை இன்னும் எஞ்சியிருக்கிறது. ஓட்டம் மந்தம், மின்னோட்டமும் குறைவு என்றால், இணைப்புகள் நல்லவையென்று முன்னரே கண்டுவிட்டபடியால், மோட்டாரினுள் காபன் பிரஷ் தேய்ந்தோ, கொமியுற்றேட்டரின் செம்பு கறுத்தோ போயிருக்கவேண்டும். இங்கேதான் முதன்முறையாக மோட்டாரைத் திறக்க நமக்கு நியாயம் கிடைக்கிறது. திறந்தாலும் மெல்லிய மணற்றாளும் இரு புதிய பிரஷ்களும் பெரும்பாலும் போதுமானவை. இரண்டு வேகமுள்ள பிற்கால மோட்டார்களில் மூன்றாவதாக ஒரு பிரஷ் உண்டு. ஒரு வேகம் மாத்திரம் இயங்காவிட்டால், அந்தப் பிரஷையோ சுவிச்சையோ சந்தேகிக்கலாம். சிறிது நேரம் ஓடி, நின்று, பின் தானே மறுபடி ஓடும் வைப்பரில், வெப்பம் மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கக்கூடும். சுவிச்சை நிறுத்தியதும் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய் ஒதுங்காமல் நடுவிலேயே நிற்கும் வைப்பரில், பற்சக்கரப் பெட்டியின் மூடியிலுள்ள ஒதுக்கு சுவிச்சுத் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கும். இவை இரண்டையும் மோட்டார் கெட்டதற்கு அடையாளமாகக் கொள்வது தவறு.

மலைநாட்டின் மென்தூறலுக்கு ஏற்ற சாதனம், இடையிடையே நின்று துடைக்கும் வைப்பர். 1903இல் அமெரிக்காவில் மேரி அண்டர்சன் கையால் இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றபோதும் அதன் பின் நெடுங்காலமும் இது கிட்டவில்லை. 1964இல் றொபர்ட் கேர்ன்ஸ் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஒரு மின்கொள்ளளவி தடையொன்றினூடே நிரம்ப எடுக்கும் நேரமே இரு துடைப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் என்பது அதன் தத்துவம். வயதாகும் மின்கொள்ளளவி தன் கொள்ளளவை இழப்பதால், அந்த இடைவெளி தாறுமாறாவதும் மோட்டாரின் குற்றமன்று. இச்சாதனத்தைப் பழைய மொரிஸ் மைனரில் பூட்ட விரும்புவோர், அக்காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருப்பதை மறந்துவிடலாகாது. எதிர்முனையை உடலோடு இணைக்கும் தற்கால முறைக்கெனச் செய்யப்பட்ட கருவி, அதில் பூட்டிய கணத்திலேயே கருகிவிடக்கூடும்.

கண்டியில் மழை மிகவும் குறைந்த மாதங்களுள் ஒன்று பெப்ரவரி. அம்மாதத்தில் வைப்பரை எவரும் நினைப்பதில்லை. கிறீஸ் இறுகுவதும், இறப்பர் வளைவு கொள்வதும், தொடுமுனைகள் களிம்பேறுவதும் அந்த ஓய்வுக்காலத்தில்தான் நிகழ்கின்றன. மேலே கூறிய சோதனைகள் அனைத்துக்கும் ஒரு வாளி சோப்பு நீர், ஒரு தராசு, ஒரு வோல்ற்றுமானி, அரை நாள் ஓய்வு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. இவற்றைச் செய்யாமல், பாவித்த உதிரிப்பாகக் கடையில் ஒரு மோட்டாரை வாங்கிப் பூட்டுகிறவருக்கு, முதற் சில வாரங்கள் வைப்பர் நன்றாகவே ஓடும். ஏனெனில் புதிதாக வந்த மோட்டார் தன் பலத்தால் அந்த மிகைச் சுமையையும் இழுத்துவிடுகிறது. ஆனால் அச்சுமை குழாயில் அப்படியே இருக்கிறது. ஆறு இறாத்தலில் அசையவேண்டிய கம்பி பன்னிரண்டில்தான் அசைகிறது. அதை இழுப்பதற்கு மோட்டார் மிகையான மின்னோட்டத்தை எடுத்து, மிகையான உஷ்ணத்தில் வேலை செய்து, முன்னையது போன வழியே தானும் போய்ச் சேர்கிறது. அடுத்த மோட்டாருக்குச் செலவிடவிருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒரு டின் கிறீஸுக்கும் ஒரு சோடி இறப்பருக்கும் செலவிட்டால், பழைய மோட்டாரே இன்னும் பல மழைக்காலங்களுக்குப் போதுமானது.